காணாக்கடியும் கைவைத்தியமும்

ஐப்பசி மாதத்து அடைமழை தொடங்கிவிட்டால் நமது நாட்டில் பூச்சிகளுக்கு ராஜ்யாதிகாரம் வந்துவிடுகிறது. விளக்கை ஏற்றினால் ஈசலும் வண்டும், அணைத்தால் கொசு, பாயை விரித்தால் எறும்பு. மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒருவரேனும் கழுத்தையோ முழங்கையையோ சொறிந்துகொண்டு எழுந்திருக்கிறார். "என்னமோ கடித்துவிட்டது" என்கிறார். கடித்தது இன்னதென்று தெரியாத இவ்விஷயத்துக்கு நமது முன்னோர் வெகு பொருத்தமாக ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். காணாக்கடி என்பது அது.

இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டிய அவசியம் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். சில தினங்களுக்கு முன், குளவிக் கொட்டுக்குச் சுண்ணாம்பு தடவுவது தகாது என்று நாம் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதைக் கண்டு அன்பர் ஒருவர் சற்றுக் கோபமாகவே நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "தேசியப் பத்திரிகை என்று பெயர் வைத்துக்கொண்டு நமது பாட்டிமாரின் கைகண்ட வைத்தியத்தைப் பழிக்கலாமா? இது இங்கிலீஷ் படிப்பினால் வந்த கோளாறு அல்லவா?" என்பது அவருடைய கேள்வி. நாம் இங்கிலீஷ் படித்தது உண்மை. அது போதாதென்று வக்கீல் தொழிலுக்கும் படித்திருக்கிறோம். ஆகவே அன்பர் சாட்டியிருக்கும் குற்றத்தை முறைப்படி விசாரிப்பதே நியாயமென்று கருதுகிறோம்.

முதலில் தோலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். கொசு கடிப்பதாகச் சொல்லுகிறோமே தவிர, உண்மையில் அது குத்தி உறிஞ்சுகிறது. அதிலும் பெண் கொசு மட்டுமே இரத்தத்தை நாடுகிறது. இரத்தம் உறைந்துவிடாமலிருக்கும்பொருட்டு அது தன் உமிழ்நீரைத் தோலுக்குள் விடுகிறது. அந்த உமிழ்நீரிலுள்ள புரதங்களை உடல் அந்நியரின் படையெடுப்பாகக் கருதுகிறது. தோலின் அடியில் காவல் நிற்கும் ஒருவகை உயிரணுக்கள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியே விடுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. இடம் தடிக்கிறது, சிவக்கிறது, தினவெடுக்கிறது. ஆகவே தடிப்பும் அரிப்பும் பூச்சியின் செய்கை அல்ல. பூச்சிக்கு எதிராக நமது உடலே செய்கின்ற காரியம்.

ஒரே திண்ணையில் படுத்திருந்த பேரனுக்கு உடலெல்லாம் தடித்திருக்க, பாட்டனாருக்கு ஒரு புள்ளிகூட இல்லாதிருப்பதை எல்லாரும் கண்டிருப்பர். பேரனுக்கு இரத்தம் தித்திப்பு என்று வீட்டில் சொல்லுவார்கள். கென்னத் மெலன்பி என்னும் ஆங்கிலப் பூச்சியியல் அறிஞர் 1946இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு மனிதனை ஒருவகைக் கொசு முதன்முதல் கடிக்கும்போது உடல் அதைக் கவனிப்பதேயில்லை. சில கடிகளுக்குப் பின் மறுநாள் ஒரு முடிச்சுத் தோன்றும். இன்னும் சில கடிகளுக்குப் பின் உடனே தடிப்பும், மறுநாள் முடிச்சும் தோன்றும். மேலும் மேலும் கடிபட்டால் முடிச்சு நின்று, கடைசியில் தடிப்பும் நின்றுவிடும். பாட்டனாரின் உடல் கொசுவோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டுவிட்டது. பேரனுடைய யுத்தம் இப்போதுதான் ஆரம்பமாகியிருக்கிறது. இரத்தத்தின் தித்திப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி வைத்தியத்துக்கு வருவோம். கொசுக்கடியின் முதல் தடிப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. மறுநாள் வரும் முடிச்சு சில தினங்களில் தானே மறைகிறது. இடையில் எதைத் தடவினாலும் பெயர் அதற்குத்தான் போகிறது. மஞ்சள் தடவியவர் மஞ்சளைப் புகழ்கிறார்; விபூதி இட்டவர் விபூதியைப் புகழ்கிறார்; பற்பசை தடவிய பட்டணத்துப் பையன் பற்பசையைப் புகழ்கிறான். வாதியின் தரப்பில் ஆயிரம் சாட்சிகள் ஏறி, "தடவினேன், மறைந்தது" என்று ஒரே குரலில் சொல்லுகின்றனர். குறுக்கு விசாரணைக்கு ஒரே கேள்வி போதும்: "தடவாமல் இருந்து பார்த்ததுண்டா?" பாட்டியை மேலும் கேட்டால், தம்முடைய பாட்டி சொன்னதாகச் சொல்லுவார். கேள்விச் சாட்சியத்தை 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் பொதுவாக ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்திருக்கும் புதிய சட்டமும் ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டி பொய் சொல்லுகிறார் என்பது நமது வாதமன்று. அவர் கண்ணால் கண்டது உண்மை. கண்டதற்கு அவர் கற்பித்த காரணந்தான் ருஜுவாகவில்லை.

காணாக்கடியின் விசாரணை இதைவிட விநோதமானது. ஒருவருக்குத் திடீரென்று உடலெங்கும் தட்டுத் தட்டாகத் தடிப்புத் தோன்றுகிறது. பூச்சியைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் பூச்சியே குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடுகிறது. வேப்பிலையால் மந்திரிக்கின்றனர், வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுக்கின்றனர். பொழுது விடிவதற்குள் தடிப்பு அடங்கிவிடுகிறது; மந்திரித்தவருக்குத் தட்சிணை கிடைக்கிறது. ஆனால் இவ்வகைத் தடிப்பு ஒவ்வொன்றும் ஒரு நாளுக்குள் சுவடு தெரியாமல் மறைவது அதன் சுபாவமே. மேலும் இதற்குப் பூச்சி காரணமாயிருப்பது சில வேளைகளில்தான். வைரஸ் காய்ச்சல், இறால், நண்டு, நிலக்கடலை, வலி மாத்திரை, கிருமிக்கொல்லி மருந்து என்று காரணங்கள் பல. காரணமே புலப்படாததும் உண்டு. பூச்சியின் தலையில் பழியைப் போட்டுவிடுவதால் விளையும் தீங்கு மந்திரிப்பதற்காகக் கொடுக்கும் பணமன்று. நேற்று விழுங்கிய மாத்திரையே குற்றவாளியாக இருந்தால், அது விடுதலையாகிவிடுகிறது; அடுத்த ஜுரத்துக்கு அதே மாத்திரையைக் கொடுப்பார்கள். இரண்டாவது தடவை தடிப்போடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. (மந்திர வைத்திய விளம்பரங்களைத் தடுக்க 1954இல் ஒரு சட்டம் செய்தார்கள். அது விளம்பரத்தை மட்டுமே தொடும், வேப்பிலையைத் தொடாது. தொடவேண்டுமென்று நாமும் கேட்கவில்லை.)

அப்படியானால் வீட்டு வைத்தியம் யாவும் வீண்தானா? அன்று. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கடிவாயில் போட்டு வைப்பதைவிடச் சிறந்த முதற்சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் சொல்லவில்லை. குளிர்ச்சி வீக்கத்தைத் தணித்து அரிப்பையும் குறைக்கும். சோப்பும் நீரும் கொண்டு கழுவுவது நல்லது. மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி ஆகியவற்றை அரைத்துப் புண்ணில்லாத தோலின்மேல் பூசுவதால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. சொறிகின்ற கைக்கு வேறு வேலை கிடைக்கிறது என்பதே ஒரு லாபம், ஏனெனில் கடியைவிட நகமே அதிகப் புண்களை உண்டாக்குகிறது. ஆனால் தடவுவதற்குரியதை உள்ளுக்குக் கொடுக்கலாகாது. மலேசியாவில் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை வாயில் புகட்டியதால் மூளையும் கல்லீரலும் பழுதுபட்ட செய்தி 1981இல் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று.

சுண்ணாம்பைப் பற்றி மட்டும் நாம் எழுதியதை வாபஸ் வாங்குவதற்கில்லை. தேனீயின் விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை மற்றொன்று முறித்துவிடும் என்று சிலர் பள்ளிக்கூட ரசாயனத்தைக் கொண்டு வாதிக்கின்றனர். கேட்பதற்கு அழகாயிருக்கிறது. ஆனால் கொடுக்கு விஷத்தைத் தோலுக்குள் செலுத்துகிறது. சுண்ணாம்போ தோலுக்கு மேலேயே தங்கிவிடுகிறது. அன்றியும் அந்த விஷம் வேலை செய்வது அமிலத்தன்மையால் அன்று. மெலிட்டின் முதலிய புரதப் பொருள்களால். அவற்றைச் சுண்ணாம்பு அணுகுவதில்லை. தோலை மட்டும் வேகவைக்கிறது. குழந்தை அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கினால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணாம்பு பட்டுக் கண் கெட்ட குழந்தைகளைக் கண் வைத்தியர்கள் நமது தேசமெங்கும் கண்டிருக்கின்றனர்.

தேனீ கொட்டினால் செய்யவேண்டியது வேறு. அதன் கொடுக்கு விஷப்பையோடு தோலில் தங்கி, தேனீ போன பிறகும் விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். விரலால் பிடுங்கினால் பை நசுங்கும், அட்டையின் விளிம்பால் வழிக்கவேண்டும் என்று நெடுங்காலம் போதித்து வந்தனர். 1996இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கைகளிலேயே கொட்டவிட்டுச் சோதித்தனர். எப்படி எடுப்பது என்பது முக்கியமன்று, எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. அட்டையைத் தேடி அலையும் நேரத்தில் விஷம் முழுதும் இறங்கிவிடும். நகமே போதும். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போவதில்லை. அவை மீண்டும் மீண்டும் கொட்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு வழக்கும் தவறான பெயரில் பதிவாகிறது. இரவு விளக்கடியில் வந்து விழும் ஒரு சிறு வண்டு. பார்வைக்கு எறும்பு போலிருக்கும். கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி வரும். நைரோபி ஈ என்று வெளிநாட்டில் சொல்லப்படுவது இதன் இனமே. இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்தில் ஊர்வதை நாம் நசுக்கினால்தான் அதன் உடலிலுள்ள நச்சு நீர் தோலில் படுகிறது. ஓரிரு நாளில் சாட்டையால் அடித்ததுபோல் நீளமாகச் சிவந்து, எரிந்து, கொப்புளமாகும். முழங்கை மடிப்பில் பட்டால், மடக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அதே வடிவம் அச்சாகிவிடும். இதைக் கண்டு அக்கி என்று முடிவு செய்து, காவி கரைத்து அக்கி எழுதுவிக்கின்றனர். இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது. எழுதியவர் புகழ் பெறுகிறார். ஊதித் தள்ளிவிடுவதும், நசுக்கிவிட்டால் உடனே சோப்பினால் கழுவுவதுமே இதற்குப் பரிகாரம். மெய்யான அக்கியாகவே இருந்தால் காரியம் வேறு. அது நரம்பு வழியாக வரும் வைரஸ் நோய். மூன்று தினங்களுக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். கண்ணருகே வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காவி காயும் வரையில் காத்திருப்பவர் இழப்பது இந்த மூன்று தினங்களையே.

இதுவரை கூறியவற்றில் பெரும்பாலானவை தாமே குணமாகும் வழக்குகள். கைவைத்தியத்துக்குக் கிடைத்த வெற்றிகளெல்லாம் இங்கே கிடைத்தவைதான். இந்த வெற்றிகளின் மதிப்பை நம்பி, குணமாகாத வழக்குகளையும் அதனிடமே ஒப்படைக்கிறோமே, அங்குதான் நமது ஆக்ஷேபணை. அத்தகையவை இரண்டு.

முதலாவது, கொட்டிய இடத்தோடு நில்லாத ஒவ்வாமை. 1902இல் சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கடற்பிராணி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு ஏற்றினர். முதல் தடவை தாங்கிய நாய், சில வாரங்களுக்குப் பின் அதே நஞ்சை மிகச் சிறு அளவில் ஏற்றியதும் சில நிமிஷங்களில் மாண்டது. பழக்கம் பாதுகாப்பைத் தரும் என்று எண்ணியிருந்ததற்கு நேர்மாறான இந்த உண்மைக்காக ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. "போன வருஷமும் குளவி கொட்டிற்று, ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்லுகிறவர் இதைக் கவனிக்கவேண்டும். கொட்டிய சில நிமிஷங்களில் உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், குரல் கம்மல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவை கண்டால் தடவுவதற்கு எதையும் தேடக்கூடாது. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தி வைக்கவேண்டும், மூச்சுவிடக் கஷ்டமானால் சாய்ந்து உட்காரலாம், எழுந்து நடக்கவிடலாகாது. 108க்குச் சொல்லவேண்டும். இதற்கு மருந்து ஒன்றே: தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. தடிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது. இன்னும் ஒன்று. கதண்டுக் கூட்டைக் கலைத்துப் பல கொட்டுகளை வாங்கியவர் ஒவ்வாமை இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விஷத்தின் அளவினாலேயே தசை சிதைந்து சிறுநீரகம் பழுதுபடும். இரண்டாம் நாள் சிறுநீர் கறுத்த பிறகு புறப்படுவது காலம் கடந்த புறப்பாடு.

இரண்டாவது வழக்குத்தான் உண்மையான காணாக்கடி. புதரிலும் புல்லிலும் வாழும் ஒருவகை உண்ணியின் இளம் பருவம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. அது கடிப்பது வலிக்காது, அரிப்பதும் அரிது. கடித்த இடத்தில் சுருட்டினால் சுட்டாற்போல் ஒரு கறுத்த பொருக்கு உண்டாகிறது. சுமார் பத்து நாளில் கடுஞ்சுரம், தலைவலி, உடல்வலி. இதுவே ஸ்க்ரப் டைபஸ். இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் போர்வீரர்களை வாட்டிய அந்நோய் இன்றும் வேலூர் முதலாகத் தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில், மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் வருஷந்தோறும் தோன்றுகிறது. ஆரம்பத்திலேயே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாளில் சுரம் இறங்குகிறது, விலையும் அற்பம். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கவிழ்கிறது. பெனிசிலின் வகைகள் பயன்படா. முற்றிய நோய்க்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023இல் உலகத்துக்குச் சொன்னவர்கள் வேலூர்க் கிறிஸ்துவ ஆஸ்பத்திரியாரும் இந்தியாவின் பிற ஆஸ்பத்திரிகளின் வைத்தியர்களுமே என்பதை அன்பருக்கு அறிவித்துக்கொள்கிறோம். இதுவும் சுதேசி வைத்தியந்தான்.

விநோதத்தைப் பாருங்கள். ஊரைக் கூட்டும்படி அரிக்கிற கடி தானே போய்விடுகிறது. அரிக்காமல் மௌனமாயிருக்கும் கடி உயிரைக் கேட்கிறது. கைவைத்தியமோ அரிப்பையே வழிகாட்டியாகக் கொண்டது.

அன்பர் கேட்ட கேள்விக்கு இப்போது நேராகப் பதில் சொல்லுவோம். நமது நாட்டு வைத்தியத்தைப் பரிசோதியாமலே பழித்தது அந்நிய ஆட்சியின் அகம்பாவம். 1921இல் சென்னை சர்க்கார் நியமித்த உஸ்மான் கமிட்டி, நமது வைத்தியர்களின் வாக்குமூலங்களைக் கேட்டு 1923இல் அறிக்கை சமர்ப்பித்தது அந்த அகம்பாவத்துக்கு ஒரு மறுப்பு. ஆனால் பரிசோதியாமலே புகழ்வதும் அதே குற்றத்தின் மறுபுறமே. சீனர் செய்ததைப் பார்க்கலாம். கொசு தரும் மலேரியாவுக்கு மருந்து வேண்டி அவர்கள் 1967இல் ஒரு வேலையை ஆரம்பித்தனர். தூ யூயூ என்னும் பெண்மணி பழைய சுவடிகளிலுள்ள மூலிகைகளை நூற்றுக்கணக்கில் சோதித்தார். தோற்றவற்றைத் தயங்காமல் தள்ளினார். நாலாம் நூற்றாண்டு நூல் ஒன்றில், குறிப்பிட்ட பச்சிலையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கண்டு, சூடே மருந்தைக் கெடுக்கிறதென்று ஊகித்தார். 1971இல் 191ஆவது மாதிரி வென்றது. அதிலிருந்து வந்த ஆர்ட்டிமிஸினின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சுவடியைப் பூஜை செய்திருந்தால் சுவடி மிஞ்சியிருக்கும், மருந்து கிடைத்திராது.

2005 முதல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடந்துவருகிறது. கொசுக்கடித் தடிப்புக்கு ஒரு கையில் குப்பைமேனி, மறு கையில் வெறும் பச்சிலைக் களிம்பு, எது எதுவென்று பூசுகிறவருக்கும் தெரியாமல், அரிப்பு எத்தனை நாழிகையில் அடங்குகிறது என்று நூறு பேரிடம் கணக்கெடுப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. குப்பைமேனி வென்றால் நமது பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளியிடுவோம். தோற்றாலும் அதே பக்கத்தில் வெளியிடுவோம். அன்பர் இதற்குச் சம்மதிப்பாரென்று நம்புகிறோம்.

அதற்குள் சர்க்காரிடம் நாம் கேட்பன இரண்டு. அட்ரினலின் அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவில் இருக்கிறது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது கெடு தீராமல் அலமாரியில் இருப்பதோடு, இரவு வேளையில் பணியிலிருக்கும் ஊழியர் அதைத் தயங்காமல் போடும் பயிற்சியும் பெற்றிருக்கவேண்டும். ஊசியைப் போடத் தயங்கி மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது உலகெங்கும் வைத்தியர்களே ஒப்புக்கொண்டுள்ள குறை. மற்றது, மழைக்காலத்தில் காரணம் தெரியாத சுரத்தோடு வருகிறவரின் உடலைத் துணி விலக்கிப் பார்ப்பது. அந்தக் கறுத்த பொருக்கு அக்குளிலும், இடுப்பில் ஆடை இறுகுமிடத்திலும், தொடையிடுக்கிலும், ஸ்திரீகளின் மார்பகத்தின் அடியிலும் ஒளிந்திருக்கும். பொருக்கு இல்லாமலும் இந்நோய் வருவதுண்டு. ஆனால் இருந்தால் அதைவிட நிச்சயமான அடையாளம் வேறில்லை. ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசும் கிராமத்துப் பெண்களை ஒரு நர்ஸம்மாள் தனியறைக்கு அழைத்துச் சென்று பார்க்கும்படி உத்தரவிடுவதற்குப் புதிய கட்டடமோ புதிய வரியோ வேண்டியதில்லை. வீட்டிலே பாட்டிமாரும் இதைச் செய்யலாம். சுரத்தில் கிடக்கும் மருமகளின் உடலைப் பார்க்க அவர்களுக்குள்ள உரிமை எந்த டாக்டருக்கும் கிடையாது. அங்கே கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டால் அதன்மேல் மஞ்சள் பூசி மறைத்துவிடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், அதை டாக்டரிடம் காட்டட்டும்.